வாக்கு ஒன்று, அளக்கும் விதி பல



விடியுமுன் நிரையில் இறங்கி மரம் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் பாலெடுத்து, வாளியோடு நிறுக்கும் கொட்டகைக்கு வந்து சேர்பவர்கள் உங்களுள் பலர். அங்கே நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருவர் கொண்டு வந்த பால் நிறையில் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் இருவர் பேரிலும் ஒரே கணக்கு எழுதப்படுவதில்லை. பாலில் நீர் எவ்வளவு, உலர்ந்த பின் எஞ்சும் ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பிறகே கணக்கு எழுதப்படுகின்றது. கொண்டு வந்த பால் ஒரு பாதி. அதனை அளக்கும் விதி மறு பாதி. இவ்விரண்டும் சேர்ந்தே கூலியாகின்றது.

வாக்கும் இத்தகையதே. வாக்காளர் இடும் வாக்கு ஒரு பாதி. அந்த வாக்கை எண்ணி, இடங்களாக மாற்றி, அரசாங்கமாக அமைக்கும் விதி மறு பாதி. முதல் பாதியைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். மறு பாதியைப் பற்றிப் பேசுவது அரிது. ஆகவே, இவ்விதழில் அதனை ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு தோட்டத்து மண்டபத்தில் நாம் விளக்கக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபொழுது, முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, "ஐயா, நாங்க ஒரு பிடி ஜனம். அதுவும் அங்கொருத்தர் இங்கொருத்தரா சிதறிக் கிடக்கிறோம். நாங்க ஓட்டுப் போட்டு என்னங்க ஆகப் போகுது?" என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். ஆனால், அது சிரிப்பதற்குரிய கேள்வியன்று. பேராசிரியர்கள் நூல்நூலாக எழுதி ஆராய்கின்ற கேள்வியே அது. அதற்குரிய விடையைப் பிற நாடுகளின் அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் நன்கு விளங்கும்.

எந்த நாட்டுத் தேர்தலையும் மூன்று கேள்விகளால் அறிந்துகொள்ளலாம். வாக்களிப்பவர் யார்? வாக்கை எண்ணுவது எவ்வாறு? எண்ணிய பின் ஆள்பவர் யார்? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

வாக்களிப்பவர் யார்?

நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தல், விடுதலைக்கு முன்னரே, 1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்றது. 52 இடங்களுக்கு நடந்த அத்தேர்தலில் கூட்டணிக் கட்சி 51 இடங்களை வென்றது. அன்றைய வாக்காளர் பட்டியலில் இந்தியர் மிகச் சிலரே இருந்தனர். தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் உழைத்துக்கொண்டிருந்தும், குடியுரிமை இன்மையால் அவர்களுள் பெரும்பாலோர் பெயர் பட்டியலில் ஏறவில்லை. நம் பாட்டன் பாட்டியர் பலர் அன்று வாக்குச் சாவடியைத் தொலைவில் நின்று பார்த்தவர்களே. 1957இல் விடுதலை பெற்றபொழுது குடியுரிமைக் கதவு அகலத் திறந்தது. அதன்பின் நம் மண்ணில் பிறந்த பிள்ளைகள் பலர் பிறப்பாலேயே குடிமக்களாயினர். இன்று நம் கையிலுள்ள வாக்குச் சீட்டு இவ்வழியாக வந்ததே என்பதை மறத்தலாகாது.

இந்தியா வேறொரு வழியில் சென்றது. 1951-52இல் நடந்த அந்நாட்டின் முதல் பொதுத் தேர்தலிலேயே 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. வாக்காளர் தொகை 17 கோடிக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னமும், சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டியும் வைத்தனர். எழுத்தறியாமை வாக்குரிமைக்குத் தடையாகாது என்பதை ஒரு சிறிய ஏற்பாடு மெய்ப்பித்துக் காட்டிற்று. பின்னர் 1989இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆஸ்திரேலியா இதற்கும் ஒரு படி மேலே சென்றது. அங்கு வாக்களிப்பது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளருள் நூற்றுக்கு அறுபதின்மர்கூட வாக்களிக்க வரவில்லை. 1924இல் கட்டாய வாக்களிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்து வந்த 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். மூன்றே ஆண்டுகளில் மக்கள் மனம் தலைகீழாய் மாறிவிடவில்லை. மாறியது விதி ஒன்றே. தக்க காரணமின்றி வாராதோர்க்குச் சிறு தொகை அபராதம் உண்டு. ஏழையும் தொழிலாளியும் தவறாது வருவதால், அவர்களை விட்டுவிட்டு வாக்குக் கேட்க எந்தக் கட்சியாலும் இயலாது. கட்டாயத்தின் உண்மையான பயன் இதுவே.

நம் நாட்டில் கட்டாயம் இல்லை. ஆனால் அண்மையில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் ஒருவர் 21 வயதடைந்து, தாமே முயன்று பதிவு செய்துகொண்டால்தான் வாக்காளர் ஆவார். 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தின் மக்களவை அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. அது 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். இதன் விளைவைப் பாருங்கள்: 2018 பொதுத் தேர்தலில் 1 கோடி 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022இல் 2 கோடி 11 இலட்சத்தைத் தாண்டியது. பதிவு நிலையத்தைத் தேடிச் செல்ல நேரமும் துணையும் இல்லாதிருந்த தோட்டத்து இளைஞர் பலர் இவ்வாறு வாக்காளராயினர். ஆனால் இவ்வசதியோடு ஒரு சிக்கலும் வந்து சேர்ந்துள்ளது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

எண்ணுவது எவ்வாறு?

இனிப் பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு தொகுதியில் 10,000 பேர் வாக்களித்ததாகக் கொள்வோம். அ என்பவர் 4,000 வாக்கும், ஆ என்பவர் 3,500 வாக்கும், இ என்பவர் 2,500 வாக்கும் பெற்றனர். வென்றவர் யார்?

"அ வென்றார், இதில் ஐயம் என்ன?" என்பீர்கள். நம் நாட்டிலும் இந்தியாவிலும் பிரிட்டனிலும் விடை அதுவே. யார் முந்தி நிற்கின்றாரோ அவரே உறுப்பினர். பாதிக்கு மேல் பெற்றாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இம்முறை எளியது, எண்ணுவதும் விரைவு. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பதால், குறையுள்ளோர் யாரிடம் செல்ல வேண்டும் என்பதும் தெளிவு. ஆனால் அ என்பவரை விரும்பாத 6,000 பேர் அத்தொகுதியில் இருக்கின்றனர் என்பதும் உண்மையே.

ஆஸ்திரேலியாவில் இதே வாக்குகளுக்கு விடை வேறாகலாம். அங்கு வாக்காளர் ஒருவரை மட்டும் குறிப்பதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுகின்றார். எவரும் பாதியைத் தாண்டாவிடில், கடைசியில் நிற்பவர் நீக்கப்படுகின்றார். அவருக்கு விழுந்த சீட்டுகள் இரண்டாம் விருப்பத்தின்படி மற்றவர்க்குப் பிரித்துத் தரப்படுகின்றன. நம் கணக்கில் இ நீக்கப்படுகின்றார். அவருடைய 2,500 வாக்காளருள் 2,000 பேர் ஆ என்பவரையும், 500 பேர் அ என்பவரையும் இரண்டாவதாக விரும்பினர் என்று கொள்வோம். இப்பொழுது ஆ 5,500; அ 4,500. வென்றவர் ஆ! வாக்காளர் ஒருவர்கூட மனம் மாறவில்லை. விதி மாறியது, உறுப்பினர் மாறினார். கூட்டாட்சி நாடாளுமன்றத் தேர்தலில் இம்முறையை ஆஸ்திரேலியா 1918ஆம் ஆண்டு முதல் கைக்கொண்டு வருகின்றது.

மூன்றாவது முறையும் ஒன்றுண்டு. நாடு முழுவதும் ஒரு கட்சி பெற்ற வாக்கின் விழுக்காட்டிற்கு ஏற்ப இடங்களைப் பகிர்ந்தளிப்பது அது. அதனை விகிதாசார முறை என்பர். மேற்கண்ட மூவரும் மூன்று கட்சிகளாகவும், பகிர வேண்டிய இடங்கள் 20 ஆகவும் இருப்பின், அ கட்சிக்கு 8, ஆ கட்சிக்கு 7, இ கட்சிக்கு 5 இடங்கள் கிடைக்கும். எவரும் தனித்து ஆள இயலாது. இருவர் கூடிப் பேசி உடன்பட்டாக வேண்டும்.

ஒரு முறையிலிருந்து மற்றொன்றிற்கு மாறிய நாடு நியூசிலாந்து. அதன் வரலாறு ஊன்றி நோக்கத் தக்கது. அங்கும் முன்னர் நம்மைப்போல் முந்தியவரே வென்றார். 1978இல் தொழிற்கட்சிக்கு நூற்றுக்கு 40.4 வாக்கும், தேசியக் கட்சிக்கு 39.8 வாக்கும் கிடைத்தன. ஆயினும் 92 இடங்களில் தேசியக் கட்சி 51ஐயும் தொழிற்கட்சி 40ஐயும் பெற்றன. குறைந்த வாக்குப் பெற்ற கட்சி ஆட்சியில் அமர்ந்தது. 1981இலும் அவ்வாறே நிகழ்ந்தது. அத்தேர்தலில் மூன்றாவதாக நின்ற கட்சி நூற்றுக்கு 20க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் இரண்டே இடங்களைப் பெற்றது. அக்கட்சியின் ஆதரவாளர் எங்கும் சிதறியிருந்ததே காரணம். ஐவரில் ஒருவர் ஆதரித்தாலும், எந்த ஊரிலும் முதலாவதாக நிற்க முடியாதவருக்கு அவ்விதி இடம் தரவில்லை.

மக்கள் குறைபட்டனர். அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அக்குழு 1986இல் புதிய கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. 1992இலும் 1993இலும் மக்களிடமே கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பாலோர் மாற்றத்தை ஏற்றனர். 1996ஆம் ஆண்டுத் தேர்தல் புதிய முறையில் நடந்தது. இப்பொழுது ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள்: தம் தொகுதி உறுப்பினருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. கட்சிக்கு விழும் வாக்கே மன்றத்தில் அக்கட்சிக்குரிய இடங்களை முடிவு செய்கின்றது. நூற்றுக்கு ஐந்து வாக்காவது பெறாத கட்சிக்கு, தொகுதி ஒன்றையேனும் வென்றாலன்றி, இடமில்லை என்ற வரம்பும் உண்டு.

இதனால் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் மாவோரி மக்கள், பசிபிக் தீவினர், ஆசியர், பெண்கள் ஆகியோரின் தொகை உயர்ந்தது. எல்லாத் தரப்பினரின் வாக்கையும் நாடெங்கும் திரட்ட வேண்டியிருந்ததால், கட்சிகள் தம் வேட்பாளர் பட்டியலில் எல்லாத் தரப்பினரையும் சேர்த்தன. குறையும் இல்லாமலில்லை. 1996இல் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாமையால், அரசாங்கம் அமையவே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சென்றன. சிறு கட்சிக்குத் தன் பலத்தினும் மிகுந்த பேரம் பேசும் வலிமை கிட்டிற்று என்றும் பலர் குறை கூறினர். 2011இல் மீண்டும் மக்களைக் கேட்டபொழுது, பெரும்பாலோர் புதிய முறையே தொடரட்டும் என்றனர். குறையற்ற முறை எந்த நாட்டிலும் இல்லை. எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வது என்பதை அந்தந்த நாட்டு மக்கள் முடிவு செய்கின்றனர்.

சிதறி வாழ்வோரின் வலிமை

இப்பொழுது அம்மையாரின் கேள்விக்குத் திரும்புவோம். நம் நாட்டுக் குடிமக்களுள் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர். நாடாளுமன்றத்தின் 222 தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையினராக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. நியூசிலாந்தின் விதிப்படி நாடெங்கும் சிதறிய ஏழு விழுக்காட்டினரின் வாக்குகள் ஒன்றாகத் திரண்டு கணக்கில் ஏறலாம். நம் விதிப்படி அவ்வாறு திரள்வதில்லை. ஒவ்வொரு தொகுதியின் கணக்கும் அத்தொகுதியோடு முடிகின்றது. அவ்வாறாயின் அம்மையார் ஐயுற்றது சரிதானா?

அன்று. முந்தியவரே வெல்லும் விதியில், முந்துவதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு வாக்குதான். 2008ஆம் ஆண்டு இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், நாத்வாரா சட்டமன்றத் தொகுதியில் ஒருவர் 62,216 வாக்கும் மற்றவர் 62,215 வாக்கும் பெற்றனர். தோற்றவர் தம் கட்சியின் மாநிலத் தலைவர். ஒரு வாக்கு அவரைச் சட்டமன்றத்திற்கு வெளியே நிறுத்திவிட்டது. நம் நாட்டிலேயே 2022 பொதுத் தேர்தலில், பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ நாடாளுமன்றத் தொகுதியின் வெற்றி 348 வாக்குகளில் முடிவாயிற்று. 348 பேர் என்பது எவ்வளவு? பழைய பெருந்தோட்டம் ஒன்றின் லயங்களில் குடியிருந்தவர்களை எண்ணினால் அதற்கு மேலிருக்கும்!

ஆகவே, சிதறி வாழ்வோரின் வலிமை தனித்து வெல்வதில் இல்லை. பிறர் வெல்வதையும் தோற்பதையும் முடிவு செய்வதில் இருக்கின்றது. இரு வேட்பாளர் ஏறத்தாழ சமமாக நிற்கும் தொகுதியில், தோட்டத்து மக்களின் தேவையை அறியாதவர் வெல்வது கடினம். இனத்தைப் பார்த்து வாக்களியுங்கள் என்று நாம் கூறவில்லை. வீடு, பள்ளி, சாலை, கூலி ஆகியவை பற்றி உங்களுக்குள்ள தேவையை வேட்பாளர் அனைவர் முன்னும் வையுங்கள். எவர் பொறுப்போடு விடையிறுக்கின்றார் என்று பாருங்கள் என்றே கூறுகின்றோம்.

இதில் இன்னுமொரு செய்தியும் உண்டு. எல்லாத் தொகுதிகளும் ஒரே அளவினவல்ல. 2022இல் சிலாங்கூரிலுள்ள பாங்கி தொகுதியில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் இருந்தனர். சரவாக்கிலுள்ள இகான் தொகுதியில் 30 ஆயிரம் பேர்கூட இல்லை. இரண்டிற்கும் தலா ஓர் உறுப்பினரே. அஃதாவது, இகானில் ஒருவர் இட்ட வாக்கு, பாங்கியில் பத்துப் பேர் இட்ட வாக்குக்கு ஈடாயிற்று. 1957ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இவ்வேறுபாட்டிற்கு ஒரு வரம்பு இருந்தது. 1962இலும் 1973இலும் செய்யப்பட்ட திருத்தங்களால் அது தளர்ந்து நீங்கியது. பரந்த உட்புறப் பகுதிகளில் மக்கள் தொலைதொலைவாக வாழ்கின்றனர். உறுப்பினர் அவர்களைச் சென்று காண்பது கடினம். ஆதலால் அங்குத் தொகுதி சிறிதாக இருக்கலாம் என்பது ஒரு வாதம். குடிமக்கள் அனைவரின் வாக்கும் ஒரே எடை உடையதாக வேண்டும் என்பது எதிர்வாதம். இரண்டையும் அறிந்து வைத்திருப்பது குடிமக்களின் கடன். எவ்வாறாயினும், நகரத்திற்கு அப்பாலுள்ள தோட்டத்தில் வாழ்பவரின் வாக்கு நகரத்தார் வாக்கைவிட இலேசானது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

ஆள்பவர் யார்?

எண்ணி முடித்த பின் அரசாங்கத்தை அமைப்பதற்கும் நாட்டுக்கு நாடு விதி வேறு. நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் 2004ஆம் ஆண்டு முதல் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். மொத்த வாக்கில் பாதிக்கு மேல் பெறுவதோடு, பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தலா 20 விழுக்காடாவது பெற்றால்தான் முதற்சுற்றிலேயே வெல்லலாம். இல்லையேல் முன்னணியிலுள்ள இருவருக்கிடையே இரண்டாம் சுற்று நடைபெறும். மக்கள் நெருங்கி வாழும் ஜாவாத் தீவின் வாக்கை மட்டும் நம்பி எவரும் வென்றுவிடக் கூடாது என்பதே அவ்விதியின் நோக்கம். வென்றவர் ஐந்தாண்டு ஆள்வார்.

நாமோ பிரதமருக்கு நேரடியாக வாக்களிப்பதில்லை. நம் தொகுதி உறுப்பினருக்கு வாக்களிக்கின்றோம். மக்களவை உறுப்பினருள் பெரும்பாலோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதுபவரே பிரதமராக நியமிக்கப்படுகின்றார். இதன் பொருள் 2022 நவம்பர் 19ஆம் நாள் தேர்தலுக்குப் பின் எல்லார்க்கும் விளங்கிற்று. ஆட்சி அமைக்கத் தேவையான 112 இடங்கள் எந்தக் கூட்டணிக்கும் கிட்டவில்லை. ஐந்து நாள் நாடே காத்திருந்தது. மாமன்னர் தலைவர்களை அழைத்து வினவிய பின், நவம்பர் 24ஆம் நாள் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராகிம் பிரதமராகப் பதவியேற்றார். ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட்ட அணிகள் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன.

பிரதமரின் பதவி உறுப்பினரின் நம்பிக்கையைச் சார்ந்திருப்பதால், தேர்தலே இல்லாமலும் அரசாங்கம் மாறக்கூடும். 2020இலும் 2021இலும் நம் நாட்டில் அவ்வாறே மாறியது. வாக்காளர் ஒரு கட்சியை நம்பி வாக்களிக்க, உறுப்பினர் மறு கட்சிக்குச் சென்றால் அவ்வாக்கின் கதி என்ன என்று மக்கள் கேட்டனர். அதன் விளைவாகக் கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2022 அக்டோபர் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் அதனைவிட்டுத் தாமே விலகினால் அவருடைய இடம் காலியாகும். கட்சியே அவரை நீக்கினால் இடம் போகாது. விதியில் நேர்ந்த இச்சிறு மாற்றம், வாக்குச் சீட்டுக்கு ஒரு பூட்டுப் போன்றது.

இரண்டு சீட்டு, இரண்டு பொறுப்பு

தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் நாம் நாடாளுமன்றத்திற்கு ஒரு சீட்டும், சட்டமன்றத்திற்கு ஒரு சீட்டும் இடுகின்றோம். இரண்டும் ஒரே நாளில் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். 2022இல் நாடாளுமன்றத்திற்கு வாக்களித்த சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பினாங்கு, கெடா, கிளந்தான், திரெங்கானு மக்கள், 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் சட்டமன்றத்திற்கு மீண்டும் வாக்களித்தனர்.

இரண்டாவது தேர்தலுக்குச் செல்லாமல் இருந்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பெருந்தவறு. தொழிலாளர் சட்டம், கல்வி, சுகாதாரம், குடியுரிமை ஆகியவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததும் மத்திய அரசாங்கத்தின் ஆணையாலேயே. ஆனால் நிலமும் ஊராட்சி மன்றமும் மாநில அரசாங்கத்தின் கையில் உள்ளவை. தோட்டம் விற்கப்பட்டு வீட்டு மனைகளாகும்பொழுது நிலத்தின் பயன்பாட்டை மாற்ற ஒப்புதல் தருவது யார்? கோயிலும் சுடுகாடும் அமைந்த நிலத்தைப் பற்றி யாரிடம் முறையிட வேண்டும்? தெருவிளக்கு எரியப் பொறுப்பான நகராண்மைக் கழகத்தை மேற்பார்ப்பது யார்? மாநிலமே. தோட்டத்து மக்களின் வாழ்வைத் தொடும் பெரிய கேள்விகளுள் பாதி அந்த இரண்டாவது சீட்டில் அடங்கியிருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

முன்னர்ச் சிக்கல் ஒன்று உண்டு என்றோம். தாமாகவே பதியும் முறையில், புதிய வாக்காளரின் தொகுதி அவருடைய அடையாள அட்டையிலுள்ள முகவரியைக் கொண்டே முடிவாகின்றது. தோட்டம் மூடப்பட்டு நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களுள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றியவர் எத்தனை பேர்? தேர்தல் நாளன்று காலையில் பார்த்தால், பெயர் எங்கோ தொலைவில், லயமும் இல்லாத, கோயிலும் இல்லாத பழைய தோட்டத்து வாக்குச் சாவடியில் இருக்கும். பேருந்துக் கட்டணத்தையும் நேரத்தையும் எண்ணிப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவர். இவ்வாறு, எவரும் தடுக்காமலேயே ஒரு வாக்கு இல்லாமற் போகின்றது. சில நூறு வாக்குகளில் வெற்றி முடிவாகும் விதியில், இது சிறிய இழப்பன்று.

ஆகவே, கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்ளுங்கள்.

முதலாவது, குடிபெயர்ந்தால் தேசியப் பதிவு இலாகாவில் அடையாள அட்டையின் முகவரியை மாற்றுங்கள். அத்துடன் நின்றுவிடலாகாது. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர், தேர்தல் ஆணையத்திடம் வாக்களிக்கும் தொகுதி மாற்றத்திற்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தச் சாவடியில் உள்ளது என்பதைத் தேர்தல் அறிவிக்கப்படும் முன்னரே பாருங்கள். கைத்தொலைபேசியில் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் விவரம் தெரியும். முதியோர்க்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

மூன்றாவது, வாக்களிப்பு நாளன்று வேலை இருந்தால், வாக்களித்து வர நியாயமான நேரம் தருவது முதலாளியின் கடமை. அந்நேரத்திற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகின்றது.

நான்காவது, வாக்கைப் பெறுவதற்காகப் பணமோ, விருந்தோ, மதுவோ கொடுப்பது அதே சட்டத்தின்படி குற்றம். மிரட்டுவதும் குற்றமே. உங்கள் வாக்கு இரகசியமானது. 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் அரசாங்கம் அச்சிட்ட சீட்டில் மறைவாக வாக்களிக்கும் முறை சட்டமாயிற்று. பின்னர் அது உலகெங்கும் பரவியது. முதலாளிக்கும் நிலக்கிழாருக்கும் அஞ்சி வாழ்ந்த எளியவரைக் காப்பதில் அம்மறைவுக்குப் பெரும் பங்குண்டு. கங்காணியோ, கிராணியோ, கட்சிக்காரரோ நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டால், விடை கூற வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஐந்தாவது, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்போரும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம். குடியுரிமை இல்லாதவரைத் தானாகப் பதியும் முறையும் சேர்த்துக்கொள்ளாது. அவர்கள் விண்ணப்பிக்கத் துணை செய்யுங்கள். 1955இல் நம் முன்னோர் நின்ற இடத்தில் அவர்கள் இன்றும் நிற்கின்றனர்.

முடிவாக, அந்த அம்மையாருக்கு நாம் அன்று கூறிய விடையையே உங்களுக்கும் கூறுவோம்: "அம்மா, ஒரு பிடி ஜனம் என்றீர்கள். நம் நாட்டு விதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே உள்ளதும் பல வேளைகளில் ஒரு பிடிதான். அந்தப் பிடி முழுதாக வந்து சேர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்." அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா மொதல்ல என் பேரு எங்க இருக்குன்னு பாருங்க ஐயா" என்று அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பாடம் அவருக்கு நன்கு விளங்கிவிட்டது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் மூதாதையர் மொழி. வாக்கை இடும் முன், அதனை அளக்கும் விதியையும் அறிந்து இடுவோம்.

இளைஞர் மன்றங்களிலும் மாதர் பகுதிகளிலும் கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்:

1. நியூசிலாந்து மக்கள் தங்கள் தேர்தல் முறையை மாற்றியது ஏன்? அதனால் விளைந்த நன்மை எது, குறை எது?

2. ஆஸ்திரேலியாவைப்போல் நம் நாட்டிலும் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டுமா? இரு தரப்பு வாதங்களையும் கூறுக.

3. உங்கள் தோட்டத்தின் இன்றைய தேவைகளுள் எவை மத்திய அரசாங்கத்தைச் சார்ந்தவை, எவை மாநில அரசாங்கத்தைச் சார்ந்தவை எனப் பட்டியலிடுக.

4. உங்கள் தோட்டத்தைவிட்டுக் குடிபெயர்ந்தவருள் எத்தனை பேரின் பெயர் இன்னும் பழைய சாவடியில் உள்ளது? அவர்களுக்குச் செய்தி சொல்ல மன்றம் என்ன செய்யலாம்?